அட்டையில் இருந்த பெயர்கள்

மகள் இலக்கியாவின் இதய அறுவைச் சிகிச்சைக்குச் சாருமதியின் அலுவலகக் காப்பீடு போதவில்லை.

"குழந்தை பேரு அவங்க அப்பாவோட காப்பீட்டுலயும் இருந்தா கவலையே இல்ல மேடம். இதுல பத்தாததை அதுல வாங்கிடலாம்" என்றார் மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலர்.

பிரிந்துபோய் மூன்று வருடமாகப் பேசாத கணவன் தேவராஜனைப் போனில் அழைத்தாள். மகளின் பெயரைத் தன் காப்பீட்டிலிருந்து எப்போதோ நீக்கியிருப்பான் என்றுதான் நினைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டவன் போனை வைத்துவிட்டு, காப்பீட்டு அட்டையைப் படமெடுத்து அனுப்பினான். மகளின் பெயர் இருந்தது. அதற்கு மேலே, மனைவி என்ற இடத்தில், அவள் பெயரும் அப்படியே இருந்தது.

போன் அடித்தது.

"நான் வரட்டுமா, சாரு?"

"வாங்க. அவள உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள வந்துருங்க" என்றாள்.