பாலக்

"என்னங்க!"

அவர் திரும்பவில்லை.

சந்தின் சரிவில், ஒரு பழைய கதவுக்கு முன்னால் மண்டி போட்டு, கேமராவைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தார். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்கு வந்ததிலிருந்து அவருக்குக் கதவுகள் மேல்தான் மையல். பெண்டாட்டி பின்னால் வருகிறாளா என்பதெல்லாம் அப்புறம்தான்.

அவளைச் சுவரோடு நெருக்கிவிட்டுப் போன கோவேறு கழுதை அவரை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகின் இரண்டு பக்கமும் கேஸ் சிலிண்டர்கள். கயிறு தரையில் இழுபட்டது.

கூட ஆள் இல்லை.

"ஏங்க! இங்க பாருங்க!"

பித்தளைப் பட்டறைகளின் சுத்தியல் சத்தத்தில் அது யாருக்குக் கேட்கும்?

இந்த ஊரில் கழுதைக்காரர்கள் "பாலக், பாலக்" என்று கத்திக்கொண்டே வருவார்கள். வழி விடு என்று அர்த்தமாம். காலையில் முதல் தடவை கேட்டபோது, தன்னைத்தான் யாரோ கூப்பிடுவதாக நினைத்து அவர் திரும்பிப் பார்த்தார். அவர் பெயர் பாலகுரு. விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊரே எம்பேரச் சொல்லிக் கூப்பிடுது. நீ ஒருத்திதான் சொல்ல மாட்டேங்கிற."

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால்கூட சீட்டைத்தான் நீட்டுவாள். சொன்னால் என்ன ஆகிவிடும் என்று அவளுக்கே தெரியாது. ஆனாலும் வாயில் வராது.

மத்தியானத்துக்குள் அவருக்குப் பழகிவிட்டது. 'பாலக்' என்று காதில் விழுந்தாலே சுவர் ஓரமாக ஒதுங்கிவிடுவார்.

இப்போது கத்த யாரும் இல்லை.

சுமை முன்னால் தள்ள, கழுதை ஓட ஆரம்பித்தது. லாடம் கல்லில் வழுக்கியது. அவர் இன்னும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கழுதையைத் தாண்டி ஓட அவளுக்கு வழியில்லை. அவர் இல்லாமல் தனியாக விமானம் ஏறுவது கண்முன் வந்துபோனது.

"பாலகுரு!"

தன் குரல்தானா என்று அவளே திகைத்தாள்.

அவர் எழுந்து பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டார். சிலிண்டர் அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது. கீழே கடைக்காரர்கள் கயிற்றைப் பிடித்து நிறுத்தினார்கள்.

அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க. பயம் இறங்க இறங்க வெட்கம் ஏறியது. இனி ஊர் போய்ச் சேரும்வரை கிண்டல் பண்ணுவார். பண்ணட்டும். ஆள் இருந்தால் போதும்.

"நல்லவேளை, கழுதைக்காரன் பாலக்னு கத்துனான்," என்றார் அவர். "இல்லேன்னா இன்னிக்கு நான் காலி."

அப்போதுதான் கழுதைக்காரன் சந்தின் மேல்முனையில் திரும்பி, மூச்சு வாங்க ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கிற முகம். அவர் அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை.

அவர் அவனைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

"நீ கொஞ்சம் தள்ளி நில்லு. படத்துல விழற."

அவள் தள்ளி நின்றாள்.