முகம் காட்டினால்தான் உள்ளே

"முகத்தைக் காட்டினாத்தான் உள்ள விடலாம் ஆண்ட்டி. மண்டபத்துக்காரங்க போட்ட சட்டம்."

வாசலில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கிருஷாந்தி மரியாதையாகத்தான் சொன்னாள். கறுப்பு அபாயாவும் முகத்திரையுமாக எதிரே நின்ற மஸாஹிரா, கையிலிருந்த பெரிய பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"என்ட மூத்தவ ஷஹ்மா உள்ளுக்கு ஈக்கிறா. மேடைக்கு ஏறப் போறா. அவட முயல் தலை இந்தப் பையிலதான். கடைசித் தையல் இப்பதான் முடிஞ்ச. அலவத்துகொடயில இருந்து பஸ்ஸில வாறன்."

"தலையைத் தாங்க, நான் குடுத்துடுறேன்."

"தலைய மட்டும் குடுக்கவா நான் வந்த? ஒவ்வொரு வருஷமும் வந்து பாருங்க உம்மா எண்டு கெஞ்சுவா. மனிசப் புள்ளைக்கு என்னத்துக்கு மிருக வேஷம் எண்டு ஏசித்தான் அனுப்பின. இண்டைக்குத்தான் வாறன் எண்டு சொன்ன."

கிருஷாந்திக்கு மனம் இளகாமல் இல்லை. ஆனால் வரிசை படிக்கட்டையும் தாண்டி றோட்டுக்குப் போய்விட்டிருந்தது.

இந்த விலங்குவேடக் கூடலைத் தொடங்கியதே அவள்தான். முதல் வருடம் கம்பளையில் ஒரு டியூஷன் வகுப்பறை, மொத்தம் ஒன்பது பேர். பிடித்த விலங்கின் உடுப்பைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் முழுக்க அந்த விலங்காக இருந்துவிட்டுப் போவார்கள். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. அதற்கே ஊர் அவர்களைப் பைத்தியம் என்றது, ஜன்னலுக்குக் கல்லெறிந்தது.

இன்றைக்குக் கண்டியில் கல்யாண மண்டபமே கொள்ளாத கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வேன் பிடித்து வருகிறார்கள். கூட்டம் பெருகினால் சட்டமும் கூடவே வந்துவிடுகிறது.

ஒரு கரடியும் இரண்டு நரிகளும் அவர்களைத் தாண்டி உள்ளே போயின.

"அவங்கட முகத்தப் பாக்கல்லியே?" என்றார் மஸாஹிரா.

"அவங்க விலங்கு உடுப்பு போட்டவங்க ஆண்ட்டி. ஆளுங்களுக்கு முன்னால தலையைக் கழட்டுறது எங்க வழக்கமில்ல. அது அவங்க மானம் மாதிரி. மண்டபத்துக்காரங்களோட ஒரு கிழமையா சண்டை போட்டு அவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு வாங்கியிருக்கேன்."

சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

"எனக்கும் பிற ஆம்புளயளுக்கு முன்னுக்குக் கழட்டுற வழக்கமில்ல மகள். நீங்க பொம்புளப் புள்ளதானே, ஒரு ஓரமா வாங்க. உங்களுக்குக் காட்டுறன்."

"இந்த நெரிசல்ல எங்க ஆண்ட்டி போறது? உங்களுக்கு மட்டும் தனியாச் செஞ்சா மத்தவங்க கேப்பாங்க."

உள்ளே ஒலிபெருக்கியில் ஷஹ்மாவின் பெயரை அழைத்தார்கள். சற்றுப் பொறுத்து மறுபடியும் அழைத்தார்கள்.

மஸாஹிரா பையோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிப் போனார். ஒரு தாய் அப்படி ஒதுங்கிப் போவதைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

கிருஷாந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் வேலையைக் கவனித்தாள். நாலைந்து பேரின் முகத்தைப் பார்த்து, டிக்கெட்டைக் கிழித்து உள்ளே அனுப்பினாள்.

நிமிர்ந்தபோது வாசலில் நீளக் காதுகளோடு ஒரு வெள்ளை முயல் நின்றது. இவ்வளவு நேர்த்தியான தலையை இந்த வருடம் அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. பழக்கத்தில் முகமெல்லாம் சிரிப்பாக விலகி நின்று, தானே கதவைத் திறந்து பிடித்தாள்.

"வாங்க, வாங்க. நல்லா இருக்கீங்க."

முயல் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு நின்றது. அதன் கழுத்துக்குக் கீழே இருந்த கறுப்பு அபாயாவை அப்போதுதான் அவள் கண்டாள்.

"இப்ப மட்டும் என்ட முகம் தெரியுதா மகள்?"