சாக்பீஸ் எதற்கு?

காலையில் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் "சாப்ட்டியா?" என்று கேட்பது ஜெசிந்தா டீச்சரின் வழக்கம். எல்லாரும் "சாப்ட்டேன் டீச்சர்" என்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு சொல்பவர்களை மட்டும் சாக்பீஸ் எடுத்துவர ஆசிரியர் அறைக்கு அனுப்புவார். அங்கே சாக்பீஸ் டப்பாவில் பிஸ்கட் இருக்கும். பள்ளியில் கரும்பலகைகளைக் கழற்றி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் சாக்பீஸ் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

இந்த வருஷம் ஆசிரியர்களின் காதில், அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் கேள்விமானி என்ற கருவி ஏறியது. "ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்வி. சிந்தனையைத் தூண்டவில்லை," என்று அது தினமும் டீச்சருக்குப் பூஜ்யம் போட்டது. தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அது சொல்ற மாதிரியே கேட்டுட்டுப் போங்களேன் டீச்சர். நமக்கெதுக்கு வம்பு?"

மறுநாள் முத்தரசியிடம், கேள்விமானி எடுத்துக்கொடுத்தபடியே கேட்டார்.

"காலைல என்ன சாப்ட்டே? விவரமா சொல்லு."

முத்தரசி எழுந்து தரையைப் பார்த்தபடி நின்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"குறுக்கிடாதீர்கள். மாணவி ஆழ்ந்து சிந்திக்கிறாள்," என்றது காதுக்குள் குரல்.

"இட்லி," என்றாள் முத்தரசி. பிறகு சட்னி, சாம்பார், வடை என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டே போனாள். கேள்விமானி முழு மதிப்பெண் போட்டது.

"போதும்மா. போய் சாக்பீஸ் எடுத்துட்டு வா."

முத்தரசி வாசலை எட்டியிருப்பாள். முன் வரிசையில் இருந்த ரியாஸ் எழுந்தான்.

"போர்டே இல்லையே டீச்சர், சாக்பீஸ் எதுக்கு?"

"மிகச் சிறந்த கேள்வி," என்றது குரல். "நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். வகுப்பே கண்டுபிடிக்கட்டும்."

முத்தரசி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொன்றாகக் கைகள் உயரத் தொடங்கின.