பாஸ்வேர்ட் கேட்ட சம்பந்தம்

“பாஸ்வேர்டோ?”

நாகேந்திரம் தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார்.

“ஓம் அண்ணை. பிள்ளையின்ர ஈமெயில் பாஸ்வேர்ட். தம்பிக்கு லண்டனில கொம்பியூட்டர் வேலைதானே. ஒருக்காத் திறந்து பாத்தானெண்டால் அவனுக்கும் ஒரு நிம்மதி.”

சொன்னவர் பாலேஸ்வரி, மாப்பிள்ளையின் பெரியம்மா. சாதகத்தின் இன்னொரு பிரதி கேட்பதுபோல, பற்றிஸ் பலகாரத்தைக் கடித்தபடியேதான் கேட்டார்.

உள்ளேயிருந்து மகள் அருந்ததி வந்தாள். கொழும்புக் கம்பஸில் மூன்றாம் வருசம்.

“தரேலாது அன்ரி.”

“என்ன பிள்ளை, முகத்தில அடிச்ச மாதிரி?”

“சாதகம் தந்தம். படம் தந்தம். உயரம், நிறை, கண்ணாடி போடுறனா எண்டதுகூடச் சொன்னம். இது தரேலாது. வேணுமெண்டால் முதல் அவற்ற பாஸ்வேர்டைத் தாங்கோ.”

“ஆம்பிளையளின்ர மெயிலும் பொம்பிளையளின்ர மெயிலும் ஒண்டோ?”

“ஏன், ஆம்பிளையளின்ர மெயில் மீசையோட வருமோ?”

நாகேந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. மனைவி சிவக்கொழுந்து பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

பாலேஸ்வரி விடவில்லை.

“நான் மனதில ஒண்டும் வைக்கிறேல்லை. என்ர தங்கச்சியின்ர மகள் கண்டவள். பின்னேரத்தில கொமியூனிகேசன் கடையில மூலைக் கொம்பியூட்டரிலதானாம் இருப்பீர். ஆரும் கிட்ட வந்தால் டக்கெண்டு மறைப்பீராம். எழும்பேக்கை பாத்ததெல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் எழும்புவீராம். ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் ஏன் பிள்ளை பயப்பிடவேணும்?”

“காலி வீதிச் செக்பொயிண்டிலயும் ஆமிக்காரர் இதைத்தானே கேக்கிறாங்கள் அன்ரி? போன கிழமை உங்கட ஹான்ட்பாக்கை றோட்டில கொட்டிப் பாத்தவங்களெண்டு இப்பதானே அழாக்குறையாச் சொன்னீங்கள். அதுக்குள்ள என்னத்தை ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்?”

பாலேஸ்வரி ஹான்ட்பாக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“அங்க திறந்து காட்டத்தான் வேணும். அவங்கள் துவக்கு வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் பற்றிஸ்தானே வைச்சிருக்கிறீங்கள்?”

பாதிப் பற்றிஸைத் தட்டில் போட்டுவிட்டுப் பாலேஸ்வரி எழும்பிவிட்டார்.

கதவு சாத்தியதுதான் தாமதம், சிவக்கொழுந்து தொடங்கினார்.

“வெள்ளவத்தையில றோட்டில போற பிள்ளையளை வெள்ளை வானில ஏத்திக்கொண்டு போறாங்கள், பிறகு ஆளைக் காணேல்லை. ரவுண்டப் எண்டு ஊரை வளைச்சால் முதல் உன்ர ஐடென்ரிக்காட்டைத்தான் கேக்கிறாங்கள். இது சரிவந்தால் ஒரு வருசத்தில நீ லண்டன். உன்னை உயிரோட வெளிய அனுப்பக் கிடைச்ச ஒரே வழி, அதைக் காலால உதைக்கிறாய். அப்பிடி என்னடி கிடக்கு அதுக்குள்ள? எவனாவது எழுதுறானோ?”

அருந்ததி பாதிப் பற்றிஸ் கிடந்த தட்டை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பினாள். பஸ் கொண்டக்டரோடும் வாதாடுகிறவள் அவள்.

“இல்லையெண்டு சாமிப் படத்துக்கு முன்னால சொல்லு!”

“பொய்ச் சத்தியம் பண்ணமாட்டன் அம்மா. பெடியள் எழுதுறாங்கள்தான். ஆர் ஆரெண்டு உங்களுக்கும் சொல்லமாட்டன்.”

“பெடியளோ? ஒருத்தன் இல்லையோ?” சிவக்கொழுந்து அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பாலேஸ்வரிதான். லண்டனுக்கு எடுத்துக் கதைத்துவிட்டாராம். தம்பி பெருந்தன்மையானவனாம். ஒரேயொரு தரம் பார்த்தால் போதுமாம், பிறகு வாழ்நாளில் கேட்கமாட்டானாம்.

சிவக்கொழுந்து ரிசீவரைக் கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டு மகளைப் பார்த்தார்.

“கடைசியாக் கேக்கிறன். சொல்லடி.”

கதவு தட்டுப்பட்டது. நாகேந்திரம் திறந்தார். கொட்டாஞ்சேனையிலிருந்து பிறிஜெற், இந்த வீட்டுக்குப் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவர். பொம்பிளை பார்க்கிற நாளுக்கென்று கொடுத்த பிளவுஸ் இப்போதுதான் வருகிறது. பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, நேரே அருந்ததியிடம் போனார்.

“தங்கச்சி, சிறில் ஏதாவது எழுதுனானா?”

சிவக்கொழுந்து பிறிஜெற்றின் பக்கம் திரும்பினார். “ஆர் சிறில்?”

“என்ட மகன் அக்கா.” பிறிஜெற் குரலைத் தாழ்த்தினார். “வேன்ல வந்து தேடுனாங்க. தப்பிப் போய் எங்கயோ இருக்கான். போன்ல கதைக்கப் பயம். எனக்கு இந்தக் கொம்பியூட்டர் எல்லாம் தெரியாது. தங்கச்சிக்குத்தான் எழுதுவான். எங்க இருக்கான்னு கேட்டா தங்கச்சி எனக்கே சொல்லாது. தெரியாம இருக்கிறதுதான் நல்லது, அடிச்சுக் கேட்டாலும் உங்ககிட்டயிருந்து வராதுன்னு சொல்லும். சுகமா இருக்கான்னு மட்டுந்தான் சொல்லும். ஜிந்துப்பிட்டியில, முகத்துவாரத்துல எல்லாம் என்னை மாதிரித் தாய்மார் இருக்காங்க அக்கா. எங்க எல்லாருக்கும் தங்கச்சிதான் தபால்காரி.”

“சுகமா இருக்கிறான் அக்கா” என்றாள் அருந்ததி. “மீன் சமைக்கப் பழகிட்டானாம்.”

“அவனா? முட்டை அவிக்கத் தெரியாதவன்!”

பிறிஜெற் சிரித்தார். சிரித்தபடியே, தைத்துக் கொண்டுவந்த பிளவுஸால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொத்திய கைக்குள்ளிருந்து பாலேஸ்வரியின் குரல் கேட்டது. “ஹலோ, ஹலோ! பிள்ளை சொல்லிட்டாவோ? நான் பேனையோட இருக்கிறன்.”

சிவக்கொழுந்து கையை எடுத்தார்.

“பாலேஸ்வரி அக்கா, நீங்கள் நினைச்சது சரிதான். என்ர பிள்ளையிட்ட ஒளிக்க இருக்குது. என்னவெண்டாலும் நினைச்சுக்கொள்ளுங்கோ, ஊரெல்லாம் சொல்லுங்கோ. தரேலாது.”