கோடு போட்ட வரி

மரச்சீனிக் கிழங்கு வேகும் நேரத்தில் பிரசீதா அடுக்களையில் உட்கார்ந்து நாவல் வாசிக்கிறாள். கணவனைப் பிரிந்து போகத் துணியும் ஒருத்தியின் கதை. மார்த்தாண்டத்தில் தமிழ் படித்து, கேரளத்துப் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டவள் அவள். இந்த வீட்டில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். வாசிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். அந்தத் தைரியத்தில் அவள் எந்தப் புத்தகத்தையும் ஒளித்ததில்லை.

“அப்பிடி என்னதான் உண்டு இதுல?” கணவன் ஷிபு குனிந்து அதை எடுக்கிறான்.

“சும்மா குடும்பக் கதையாக்கும்.”

அவன் சிரித்தபடி போனைப் பக்கத்தின் மேல் பிடிக்கிறான். திரையில் தமிழ் எழுத்துகள் நடுங்கி நடுங்கி மலையாளமாக மாறுகின்றன. அந்த வெளிச்சம் அவன் தாடையில் விழுகிறது. பானை மூடி தடதடக்கிறது. அடியில் பென்சில் கோடு போட்ட வரியை அவன் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறான்: ‘அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் வீடு சுருங்கிப்போகிறது.’ ஷிபுவின் சிரிப்பு வற்றுகிறது. பக்கத்தைப் புரட்டுகிறான். அங்கேயும் கோடு. அடுத்ததிலும்.

“கதை கெடக்கட்டு,” என்கிறான், குரலை உயர்த்தாமல். “இந்தக் கோடெல்லாம் ஆரு போட்டது?”

கொண்டையில் செருகியிருக்கும் பென்சில் இப்போதுதான் அவளுக்குக் கனக்கிறது.