ஒளி சொன்ன பதில்

கரண்ட் போனதும் கந்தப்பன் கிளம்ப எழுந்துவிட்டார்.

"உக்காருங்கய்யா. இதுக்கு இந்தப் பேட்டரி லேசர் போதுங்க" என்றேன்.

கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். கோயம்புத்தூர் கணபதியில் வார்ப்படத் தொழிற்சாலை நடத்துகிறவர் அவர். அவர் தலையசைத்துப் பணம் போட்டால் நான் வடிவமைத்த ஒளிச் சில்லு இங்கேயே தயாராகும். இல்லாவிட்டால் என் ஆய்வகத்துக்குப் பூட்டுதான்.

சில்லு என்றால் நகத்தளவு கண்ணாடி, அவ்வளவே. திசுவின் படத்தைச் சுமந்துகொண்டு ஒளி அதற்குள் நுழையும். போகிற வழியிலேயே கணக்கு முடிந்துவிடும், கம்ப்யூட்டர் வேண்டாம். புற்றுநோய் இருந்தால் எதிரே உள்ள வெள்ளைக் காகிதத்தில் இடப்பக்கம் ஒரு புள்ளி விழும். இல்லையென்றால் வலப்பக்கம்.

ஆஸ்பத்திரியில் வாங்கி வந்த மாதிரிகளை ஒவ்வொன்றாக வைத்தேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கே புல்லரிக்கும்.

கந்தப்பன் சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய, திசு ஒட்டிய ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்தார்.

"இதையும் வெச்சுப் பாருங்க அம்மணி."

சோதித்துப் பார்க்கிறார் மனிதர். பார்க்கட்டும்.

இடப்பக்கம்.

"இன்னொருக்கா வெய்யுங்க."

துடைத்து வைத்தேன். திருப்பி வைத்தேன். மறுபடியும் இடப்பக்கமே. என் சில்லு அசைந்து கொடுக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"டாக்டர் சொன்னதும் இதேதானுங்க. அருமையாச் செஞ்சிருக்கறீங்க. வேலைய ஆரம்பிச்சரலாமுங்க."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. என் சில்லைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆய்வகம் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் வாசல்வரை கூடவே போனேன்.

காரில் அவர் மனைவி ராசாத்தாள் காத்திருந்தார். எங்களைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க, என்னுத வெச்சுப் பார்த்தாங்களா? என்னங்க சொல்லுச்சு?"

கந்தப்பன் சிரித்தார்.

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிப்போட்டுது. டாக்டரு தப்பாச் சொல்லலாம், இது சொல்லாது. வேணும்னா அம்மணியவே கேளு."

ராசாத்தாள் என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன்.