வாசலில் துர்க்கா

ஏழாவது தரமும் துர்க்கா பெல்லை அழுத்தினாள். கதவை ஒருவரும் திறக்கவில்லை. மார்ச் மாதக் குளிர் வீட்டுச் செருப்புக்குள்ளால் காலைக் கடித்தது.

“கேட்டதோ?” என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்தினாள்.

“டிங் டொங் கேட்டது. போன்தான் பேசாமல் கிடக்கு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பதில் சொன்னவர் அவளுடைய கணவர் பிரியந்தன். வீடும் அவர்களுடைய சொந்த வீடுதான், மில்லிக்கனில்.

பிரியந்தன் ஏணியில் நின்றார். சுவரில் இருந்த பழைய மணிப்பெட்டியின் மூடியைக் கழற்றி, அதன் வயரில் தீப்பெட்டியளவு புதுச் சாமான் ஒன்றைப் பூட்டியிருந்தார். இனி யாராவது பெல் அடித்தால் டிங் டொங்கும் கேட்கும், போனிலும் செய்தி வரும். அப்படித்தான் வாங்கின பெட்டியில் போட்டிருந்தது.

இவ்வளவு கூத்தும் துர்க்காவின் அண்ணர் சிவபாதத்துக்காக. அவருடைய மகள் கௌசிக்கு அடுத்த மாதம் கலியாணம். அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே மாமி துர்க்கா. ஆனால் அண்ணரும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி மூன்று வருஷம்.

மோர்னிங்சைட்டில் புதுவீடு வாங்கிய அண்ணர், குடிபுகும் நாளுக்கு ஊருக்கெல்லாம் அனுப்பியதுபோலத் தங்கைக்கும் வட்ஸ்அப்பில் ஒரு அழைப்புக் காட் அனுப்பிவிட்டார். கூடப்பிறந்தவளுக்கு வீடு தேடி வந்து சொல்ல வேண்டாமா என்று இவள் போகவில்லை. சொந்தத் தங்கச்சியே என் வாசலை மிதிக்கவில்லையே என்று அவர் பேச்சை நிறுத்தினார். இரண்டு பேருக்கும் கோபம் மூக்கு நுனியில்.

“அவர் வந்து வாயால சொல்லாமல் நான் கலியாணத்துக்குப் போகமாட்டன்” என்று துர்க்கா முடிவாகச் சொல்லியிருந்தாள். சீலையை மட்டும் போன கிழமையே வாங்கி அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கௌசி மணவறையில் இருக்கும்போது தான் மில்லிக்கனில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தால் நெஞ்சு தாங்காது என்பது அவளுக்கே தெரியும்.

உடுப்புத்தான் இப்போது பிரச்சினை. “நான் பேஸ்மென்ற்றில உடுப்புத் தோய்க்கிற மெசினைப் போட்டுக்கொண்டு நிக்கேக்க அவர் வந்து பெல் அடிச்சால் எனக்குக் கேட்காது. வந்தனான், ஒருத்தரும் திறக்கேல்லை எண்டு போயிடுவார். பிறகு சாகுமட்டும் அதையே சாட்டாச் சொல்லுவார்.” அதனால்தான் போனிலும் மணி வேண்டியிருந்தது.

குளிர் தாங்காமல் துர்க்கா உள்ளே வந்தாள். “இஞ்சேருங்கோ, நீங்கள் அதில என்னத்தைக் குடுத்தனீங்கள்? முதல்லயிருந்து ஒருக்காப் பாருங்கோ.”

பிரியந்தன் கண்ணாடியை மூக்கில் இறக்கித் துர்க்காவின் போனைத் தடவினார். “பெல்லுக்கு என்ன பேர் எண்டு கேட்டது. நீர் சொன்னபடி துர்க்கா எண்டு போட்டனான்.”

“சரிதானே. என்ர வீட்டு பெல்லுக்கு ஆற்ற பேரை வைக்கிறது?”

“எந்த ஸ்பீக்கரில சத்தமாச் சொல்ல எண்டு கேட்டது. கிச்சன், பமிலி ரூம், ரெண்டுக்கும் ஓம் குடுத்தனான். எங்களுக்கு ஏதப்பா பமிலி ரூம்?”

“கீதன்ர எக்கவுண்டில பூட்டித் தந்ததெல்லே, அவன் ஏதாவது பேர் வைச்சிருப்பான். கிச்சன் ஸ்பீக்கரையும் நான் எப்பவோ கழட்டி லாச்சிக்குள்ள போட்டிட்டன். நீங்கள் போனைப் பாருங்கோ.”

கீதன் அண்ணரின் மகன். சண்டைக்கு முந்திய நல்ல காலத்தில் சொந்தக்காரர் வீடெல்லாம் போய்த் தன்னுடைய ஒரே எக்கவுண்டில் ஸ்பீக்கர் பூட்டிக் கொடுத்தவன். இப்போது உத்தியோகம் பார்த்துக்கொண்டு ஒஷாவாவில் இருக்கிறான். அவனைக் கேட்கவும் துர்க்காவுக்கு ரோஷம் விடவில்லை.

மறுபடி வெளியே போய் அழுத்தினாள். எட்டு. கொஞ்சம் பொறுத்து, ஒன்பது.

உள்ளே பிரியந்தன் சிரித்தார். “இந்தப் போன் சைலன்ற்றில கிடந்திருக்கப்பா. பெல் முதல் தரத்திலயிருந்தே வேலை செய்திருக்கு. ‘வாசலில் துர்க்கா’ எண்டு ஒன்பது மெசேச் வந்து கிடக்கு.”

துர்க்கா பார்த்த பார்வையில் அவர் ஏணியை மடித்துக்கொண்டு கராஜுக்குப் போனார்.

பின்னேரம் நாலு மணிக்கு, பேஸ்மென்ற்றில் மெசின் ஓடிக்கொண்டிருக்கையில், துர்க்காவின் போன் அடித்தது. படி ஏறி ஓடி வந்து யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். வாசலில் அண்ணர். வேட்டி கட்டியிருந்தார். கையில் மஞ்சள் பூசிய கலியாணக் காட்.

“பாத்தீங்களே, ஆர் முதல்ல இறங்கி வந்ததெண்டு?” என்று கணவரின் காதுக்குள் சொன்னாள். அவசரமாகத் தலைமயிரைக் கோதிக்கொண்டாள். ஆனாலும் வேண்டுமென்றே ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு ஒரு நிமிஷம் பெரிய தண்டனை இல்லைத்தானே.

அண்ணருக்குக் கண் கலங்கிச் சிவந்திருந்தது.

“காலமை எங்கட பமிலி ரூமில கீதன் பூட்டின ஸ்பீக்கர், வாசலில துர்க்கா, வாசலில துர்க்கா எண்டு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருக்காலும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தன். உன்னைக் காணேல்லை.”

பிரியந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துர்க்கா அவருடைய காலை நன்றாக மிதித்தாள்.

அண்ணர் காட்டை அவள் கையில் வைத்தார்.

“ஒன்பது தரம் வந்தனி, ஒருக்கா உள்ள வந்திருக்கலாமே, தங்கச்சி.”